கும்பிடுபூச்சியின் உடலில் ஈப்புழு: சந்தேகம் வந்த நாள் முதல் ஈ வெளிவரும் நாள் வரை

வெளியில் பிடித்து வந்த கும்பிடுபூச்சி சோர்ந்து கிடக்கிறது. மறுநாள் பெட்டியின் அடியில் வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. பலரும் அந்தக் கணமே பெட்டியை வெளியே கொட்டிக் கழுவிவிடுகிறார்கள். புழு பூச்சியின் உடலுக்குள்ளிருந்து வந்ததா, செத்த உடலை மோப்பம் பிடித்து வந்ததா, நேற்றுப் போட்ட வெட்டுக்கிளியிலிருந்து வந்ததா என்பது அத்தோடு தெரியாமல் போகிறது. அடுத்து என்ன செய்வது என்பது இந்த ஒரு கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: புழு உள்ளே நுழைந்துவிட்டால் பூச்சியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. முட்டை வெளியே ஒட்டியிருக்கும்போதே பார்த்துவிட்டால் காப்பாற்றலாம். அதைத் தவறவிட்டால், ஈ எது என்று சரியாகக் கண்டறிவதும் மற்ற பூச்சிகளைக் காப்பதும்தான் மிச்சம்.

1. கைவசம் இருக்க வேண்டியவை

புழு வெளியே வந்தபின் தேட நேரம் இருக்காது. சில மணி நேரத்தில் அது கூட்டுப்புழுவாகிவிடும். எனவே இவற்றை முன்பே எடுத்து வையுங்கள்:

- 1 லிட்டர் அகல வாய் பிளாஸ்டிக் டப்பா, ஒரு பூச்சிக்கு ஒன்று. பூச்சியின் நீளத்தைப்போல் 3 மடங்கு உயரம் வேண்டும். இல்லாவிட்டால் தோலுரிக்கும்போது தொங்க இடமில்லாமல் கால் கோணிவிடும்.
- மூடியில் வட்டமாக வெட்டி ஒட்ட ஆர்கன்சா துணி (நெருக்கமான கண்களுள்ள மெல்லிய துணி). கொசுவலை போதாது. அழுகலைத் தேடி வரும், 2 முதல் 3 மி.மீ. நீளமுள்ள கூன் ஈ அதில் நுழைந்துவிடும்.
- 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கூர்முனை இடுக்கி, மெல்லிய ஓவியத் தூரிகை.
- சலித்த மணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி கலந்தது, ஒரு டப்பாவுக்கு 5 செ.மீ. உயரத்துக்கு.
- 70 முதல் 80 சதவீத எத்தனால், திருகு மூடியுள்ள சிறு குப்பிகள், தடித்த காகிதம், பென்சில்.

மணல் கலவையை வாணலியில் அரைமணி நேரம் வறுத்து ஆறவிடுங்கள். வறுக்காத நார்க்கழிவில் வேறு சிறு ஈக்களின் புழுக்கள் ஏற்கெனவே இருக்கக்கூடும். பத்து நாள் கழித்து ஏதோ ஓர் ஈ பறக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

2. பிடித்த நாளிலேயே தனிப்படுத்துங்கள், உடலைச் சோதியுங்கள்

புதிய பூச்சியை மற்றவற்றோடு சேர்க்காமல் 30 நாள் தனியாக வையுங்கள். புழு உள்ளே வளரும் காலம் ஈயின் இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஒன்றிலிருந்து சில வாரம் வரை ஆகலாம். ஒரே வாரத்தில் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று முடிவுகட்டுவது பெரும்பாலோர் செய்யும் தவறு.

இந்த டப்பாவின் அடியில் மண் போடாதீர்கள். வெள்ளைக் காகிதத்தை ஒட்ட வெட்டி விரியுங்கள். மண் இருந்தால் புழு விழுந்த வேகத்தில் புதைந்துவிடும். காகிதத்தில் அலைந்து உங்கள் கண்ணில் படும்.

அடுத்து லென்ஸ். டாக்கினிட் என்பது பிற பூச்சிகளின் உடலுக்குள் புழுவாக வளரும் ஈக்களின் குடும்பம். அவற்றில் பல, முட்டையைப் பூச்சியின் தோல்மேலேயே ஒட்டிவிடும். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் ஊசி ஈ என்று சொல்வது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முட்டை வெண்மையாக அல்லது வெளிர் மஞ்சளாக, நீள்வட்டமாக, அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை இருக்கும். அடிப்பக்கம் தட்டையாக ஒட்டியிருப்பதால் ஊதினாலும் அசையாது.

கழுத்து மடிப்பு, முன்மார்பின் இரு ஓரம், கால்கள் உடலோடு சேரும் இடம், இறக்கையின் அடி, வயிற்றுக் கணுக்களின் இடைவெளி என்ற வரிசையில் பாருங்கள். பூச்சி தன் முன்காலால் துடைத்தெடுக்க முடியாத இடங்களில் கூடுதல் நேரம் தேடுங்கள்.

முட்டை இருந்தால் அன்றைக்கே எடுங்கள். நனைத்த தூரிகையால் ஒரு நிமிடம் ஈரப்படுத்தி, இடுக்கியின் முனையைப் பக்கவாட்டில் கொடுத்து நெம்புங்கள். மேலிருந்து அழுத்தினால் தோல் கிழியும். எண்ணெய், ஸ்பிரிட், நகப்பூச்சு எதையும் தடவாதீர்கள். உடலின் பக்கங்களில் உள்ள மூச்சுத்துளைகள் அடைபட்டால் முட்டையை முந்திக்கொண்டு பூச்சி செத்துப்போகும்.

இளம்பூச்சி தோலுரிக்கும்போது பொரிக்காத முட்டையும் பழைய தோலோடு கழன்றுவிடும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முட்டை முந்திப் பொரித்தால் புழு உள்ளே போய்விடும். உரிந்த தோலையும் லென்ஸில் பார்த்துவிட்டே தூக்கிப் போடுங்கள். அதில் பொரிந்த முட்டையின் வெற்று ஓடு இருந்தால், உள்ளே புழு இருப்பதாகவே எண்ணிக் கவனியுங்கள்.

முட்டை ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் நிம்மதி அடைய முடியாது. சதை ஈக்கள் முட்டையிடாமல் நேரடியாகக் குட்டிப் புழுவையே விடுகின்றன. அவை வெளியே தடயம் வைப்பதில்லை.

3. தீனியால் வரும் குழப்பத்தை முன்பே அடைத்துவிடுங்கள்

வயலில் பிடித்த வெட்டுக்கிளி, கம்பளிப்புழு இவற்றின் உடலிலும் ஈப்புழு இருக்கும். கும்பிடுபூச்சி பாதி தின்று போட்ட வெட்டுக்கிளியிலிருந்து புழு நழுவி விழுந்தால் பழி கும்பிடுபூச்சியின்மேல்தான் விழும். தனிப்படுத்திய 30 நாளும் வீட்டில் வளர்த்த கரப்பான், பழ ஈ, வீட்டு ஈ மட்டும் கொடுங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

ஓடை, குளத்தோரம் விளக்கில் விழும் பூச்சிகளையும் தவிர்க்க வேண்டும். அவற்றின் வழியாக வருவது ஈப்புழு அல்ல, குதிரைமயிர்ப் புழு. அதைப் பற்றி 6-வது படியில்.

4. அறிகுறிகளைப் பாருங்கள், ஆனால் உடனே நம்பிவிடாதீர்கள்

தினம் காலையும் மாலையும் பார்த்து இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள்: தின்றதா, எங்கே தொங்குகிறது, வயிறு எப்படி இருக்கிறது. ஒற்றை அறிகுறியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்று நான்கு நாள் மாற்றம்தான் பேசும்.

சந்தேகப்பட வேண்டியவை: வயிறு பருத்திருந்தும் விறைப்பில்லாமல் தொய்ந்திருப்பது, ஒருபக்கம் மட்டும் புடைப்பது, வெளிர்நிறப் பூச்சியின் தோலில் பழுப்பு அல்லது கருப்புப் புள்ளி, கணுக்களுக்கு இடையே உள்ள மெல்லிய சவ்வுக்கு அடியில் ஏதோ நகர்வது, கூரையில் பிடி தளர்ந்து விழுவது. அந்தக் கரும்புள்ளிக்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் புழுவுக்கும் காற்று வேண்டும். பல இனங்கள் பூச்சியின் தோலையோ மூச்சுக்குழாயையோ துளைத்து, அங்கே ஒரு புனல்போல் அமைத்துப் பின்முனையை அதில் பொருத்திக்கொண்டு மூச்சுவிடும். அந்த இடம் கருத்துப்போகும்.

இருட்டறையில் வயிற்றுக்குப் பின்னால் சிறு டார்ச் பிடித்தால் பச்சை, மஞ்சள் நிறப் பூச்சிகளில் புழுவின் நிழல் சில நேரம் தெரியும். பழுப்புப் பூச்சிகளில் தெரியாது. வெளிச்சம் சூடேறாத எல்.இ.டி.யாக இருக்கட்டும்.

இனி, ஏமாற்றும் நிலைகள். தோலுரிக்கப் போகும் பூச்சியும் தின்னாது. கடைசித் தோலுரிப்புக்கு முன் ஒரு வாரத்துக்கு மேல்கூடப் பட்டினி கிடக்கும். அதன் இறக்கை மொட்டுகள் உப்பியிருக்கும், பிடி உறுதியாக இருக்கும். முட்டை நிறைந்த பெண்பூச்சியின் வயிறும் பருக்கும். ஆனால் இரு பக்கமும் சமமாக, விறைப்பாகப் பருக்கும், பசியும் குறையாது. இறக்கை முளைத்துப் பல மாதமான பூச்சி சோர்ந்து விழுவது முதுமை. வாயில் கரும்பழுப்பு நீர் வழிந்து துர்நாற்றம் வந்தால் அது பெரும்பாலும் குடல் கெட்டதால் வந்தது.

5. சந்தேகம் உறுதிப்பட்டால்

வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். கீறிப் புழுவை எடுக்கும் முயற்சியும் வேண்டாம். புழுக்கள் கொழுப்புத் திசுவையும் உடல்நீரையும் தின்று பெரும்பகுதியை முடித்த பிறகுதான் நமக்கே தெரியவருகிறது. கீறினால் பூச்சி அப்போதே சாகும், முழுதாக வளராத புழுவும் சாகும், என்ன ஈ என்பதும் தெரியாமல் போகும். கால்நடைக்கான குடற்புழு மருந்து, பூச்சிமருந்து எதுவும் உதவாது. அவற்றில் பல, பூச்சியையும் சேர்த்தே கொல்பவை.

செய்ய வேண்டியது குறைவு. டப்பாவை வெயில் படாத, எறும்பு ஏறாத இடத்தில் வையுங்கள். அடியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினால் எறும்பு வராது. தினம் ஒருமுறை பக்கச் சுவரில் நீர் தெளியுங்கள். தின்னுமானால் சிறு இரை கொடுங்கள். விழத் தொடங்கிவிட்டால் சாய்வாக ஒரு குச்சி வையுங்கள்.

புழு வெளிவந்த பின்னும் பூச்சி சில மணி நேரம், சில சமயம் ஓரிரு நாள்கூட உயிரோடு இருக்கும். எழுந்து நிற்க முடியாமல் கிடந்தால் இழுத்தடிக்காமல், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்து அசைவு நின்றபின் உறைபெட்டிக்கு மாற்றுங்கள். ஒருநாள் முழுக்க அங்கேயே இருக்கட்டும். ஆனால் உள்ளே இன்னும் புழு மிச்சம் இருப்பதாகத் தோன்றினால், அவை வெளிவரும் வரை உறைய வைக்காதீர்கள்.

6. வந்த புழு எது என்று பாருங்கள்

இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமான படி இது. அவசரப்படாமல், நேரத்தையும் குறித்துக்கொண்டு செய்யுங்கள்.

கம்பிபோல் விறைத்த, கருப்பு அல்லது பழுப்பு நிறத்தில் விரல்நீளத்துக்கு மேல் நீண்ட நூல் ஒன்று வயிற்று நுனியிலிருந்து சுருண்டு வந்தால் அது குதிரைமயிர்ப் புழு. தண்ணீரைத் தேடிப் போவது அது, ஈயாக மாறாது. இதற்கு மணல் டப்பா தேவையில்லை.

கால் இருந்து, கெட்டியான பழுப்புத் தலையும் உடலெல்லாம் மயிரும் இருந்தால் அது வண்டின் புழு. காய்ந்த உடலைத் தின்ன வந்தது.

ஈப்புழுவுக்குக் காலும் இல்லை, தனித் தலையும் இல்லை. முன்முனை கூர்மையாக இருக்கும். தோலுக்குள் இரண்டு கருப்புக் கொக்கிகள் முன்னும் பின்னும் நகர்வது லென்ஸில் தெரியும். பின்முனை மொட்டையாக இருக்கும். அதில் பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள். அவை கண் அல்ல, மூச்சுத்துளைகள். புழுவை ஈரக் காகிதத்தில் கிடத்தி இந்தப் பின்முனையை லென்ஸில் நேராகப் பாருங்கள். இரு புள்ளிகளும் ஆழமான குழிக்குள் இருந்து, குழியின் விளிம்பு உதடுபோல் மூடித் திறந்தால் சதை ஈ. குழி இல்லாமல் கருத்த தட்டுகள் மேலாகவோ சற்றே துருத்தியோ இருந்தால் டாக்கினிட் ஈ என்று எடுத்துக்கொள்ளலாம். முடிவான விடை, ஈ வெளிவந்த பிறகுதான்.

உடலில் குட்டிக் குட்டி முளைகளோடு 4, 5 மி.மீ. அளவில் டஜன் கணக்கில் இருந்தால் அது கூன் ஈயின் புழு. அதன் கூடு படகுபோல் இருந்து, முன்பக்கம் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் போகாமல் டப்பாச் சுவரிலேயே ஒட்டுவதும் உண்டு. இது பெரும்பாலும் செத்ததையும் சாகப்போவதையும் தேடி வருவது. டப்பாவில் அழுகல் இருக்கிறது, துணி சரியில்லை என்று பொருள்.

சதை ஈயும் செத்த உடலுக்கு வரும். நம் ஊர் வெப்பத்தில் உடல் கிடந்த சில நிமிடங்களிலேயே வந்துவிடும். மெல்லிய வலைக்கு வெளியே நின்றே புழுவை உள்ளே விட்டுவிடும். அப்படியானால் உண்மையான ஒட்டுண்ணியை எப்படிப் பிரிப்பது? காலக்கணக்கை வைத்துத்தான். பூச்சி உயிரோடு இருக்கும்போதே புழு வெளியே வந்தால் ஐயமே இல்லை. பூச்சி செத்து சில மணி நேரத்துக்குள் முழுதாக வளர்ந்த கொழுத்த புழு வந்தாலும் அது உள்ளே வளர்ந்ததுதான். செத்தபின் விடப்பட்ட புழு அதற்குள் முழு வளர்ச்சி அடையாது. உள்ளிருந்து வரும் ஒட்டுண்ணிகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும், வந்ததும் உடலை விட்டு விலகி மண்ணைத் தேடும். பிணத்துக்கு வந்தவை பல அளவில் இருக்கும், நாள்கணக்கில் அதே உடலில் மொய்க்கும்.

பூச்சி செத்த நேரம் தெரியாவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது. 4-வது படியில் தினம் இருமுறை குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

7. புழுவை ஈயாக வளர்த்தெடுங்கள்

மணல் கலவையை நீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. டப்பாவில் 5 செ.மீ. நிரப்பிப் புழுக்களைத் தூரிகையால் மேலே விடுங்கள், தாமே புதைந்துவிடும். ஒரு கும்பிடுபூச்சியின் புழுக்களுக்கு ஒரு டப்பா. இரண்டைக் கலந்தால் பதிவு வீணாகும்.

முதல் 3 நாள் கிளறாதீர்கள். புழுவின் கடைசித் தோலே சுருங்கி இறுகிக் கூடாகிறது. முதலில் வெளிறியும், பிறகு செங்கல் நிறத்திலும், கடைசியில் கரும்பழுப்பாகவும் மாறும். மெத்தென்று இருக்கும்போது தொட்டால் உள்ளே இருப்பது நசுங்கிவிடும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை டப்பாவின் ஓரமாகச் சில சொட்டு நீர் விடுங்கள். அடி வரை காய்ந்தால் கூட்டுக்குள்ளேயே உலரும். சேறானால் பூஞ்சை பிடிக்கும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது காயவிட்டுத்தான்.

25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் பொதுவாக 10 முதல் 20 நாளில் ஈ வரும். வரவில்லை என்று கொட்டிவிடாமல் 60 நாள் வையுங்கள். தாமதித்து வருபவை உண்டு. மணலில் ஒரு சொரசொரப்பான குச்சி நட்டு வையுங்கள். வெளிவரும் ஈ தன் நெற்றியிலிருந்து ஒரு நீர்ப்பையை ஊதிப் பெருக்கிக் கூட்டின் முன்மூடியைத் தள்ளித் திறக்கும். அப்போது அது சாம்பல் நிறத்தில், இறக்கை கசங்கி, ஈபோலவே இருக்காது. ஏறி நின்று இறக்கை விரிக்கக் குச்சி இல்லாவிட்டால் இறக்கை அப்படியே காய்ந்துவிடும்.

வந்ததும் கொல்லாதீர்கள். சர்க்கரை நீர் நனைத்த பஞ்சோடு ஒருநாள் விடுங்கள். உடல் இறுகி, நிறமும் மயிர்முட்களும் தெளிந்தால்தான் இனம் காண முடியும். பிறகு உறைபெட்டி.

ஈயைப் பக்கவாட்டில் பாருங்கள். மார்பின் பின்முனையில் உள்ள முக்கோணத் தட்டுக்கு அடியில் இன்னொரு தெளிவான புடைப்பு இருந்தால் டாக்கினிட். அந்தப் புடைப்பு இல்லாமல், மார்பில் மூன்று கருங்கோடும் வயிற்றில் சதுரங்கக் கட்டம்போன்ற சாம்பல் திட்டும் இருந்தால் சதை ஈ.

ஈக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வந்தால் ஏமாற்றம் வேண்டாம். கூட்டில் மூடி திறந்திருக்காது, ஊசித்துளைபோல் வட்ட ஓட்டை இருக்கும். அது ஈயின் ஒட்டுண்ணி. ஊசி ஈயைக் கட்டுப்படுத்தப் பட்டுப்புழு வளர்ப்பில் விடப்படும் நெசோலிங்க்ஸ் தைமஸ் குளவியும் இப்படித்தான் ஈயின் கூட்டைத் துளைத்து வாழ்கிறது. இதையும் குப்பியில் போட்டு வையுங்கள்.

8. பதப்படுத்துதலும் குறிப்பும்

புழுக்களில் ஒன்றிரண்டைப் பதப்படுத்துங்கள். மற்றவற்றை ஈயாக விடுங்கள். நேராக எத்தனாலில் போட்ட புழு கருத்துச் சுருங்கிவிடும். கொதி அடங்கிய வெந்நீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, பின் 70 முதல் 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றினால் நிறமும் வடிவமும் நிற்கும். மரபணு ஆய்வுக்கு ஒரு புழுவை வெந்நீர் காட்டாமல் 95 சதவீத எத்தனாலில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள்.

கும்பிடுபூச்சியின் உடல், ஈ, அது விட்டுப்போன காலிக் கூடு மூன்றையும் ஒரே எண்ணில் சேர்த்து வையுங்கள். ஈ மட்டும் இருந்தால் அது எதிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றில்லை. சதை ஈக்களில் இனம் பிரிக்க ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைப் பார்ப்பதே வழக்கம் என்பதால் எல்லா ஈக்களையும் வையுங்கள். ஆண் எது என்று பிறகு பார்க்கலாம்.

சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரையும். ஊர், மாவட்டம், பிடித்த தேதி, கும்பிடுபூச்சியின் இனம், ஆணா பெண்ணா, இளம்பூச்சியா இறக்கை முளைத்ததா, எத்தனை புழு, வெளிவந்த தேதி, கூடான தேதி, ஈ வந்த தேதி. இத்தனையும் இருந்தால்தான் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் (ZSI) தென்மண்டல மையம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை போன்ற இடங்களில் கேட்கும்போது பயனிருக்கும். காப்புக்காடு, சரணாலயப் பகுதிகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்காதீர்கள்.

9. மற்ற பூச்சிகளைக் காப்பது

ஒரு கும்பிடுபூச்சியிலிருந்து இன்னொன்றுக்குப் புழு தாவாது. வளர்ந்த ஈ பறந்து முட்டையிட்டால்தான் பரவும். ஆகவே ஒரு பூச்சியில் புழு வந்ததற்காக மற்றவற்றுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கூடுகள் இருக்கும் டப்பா மட்டும் இறுக மூடியிருக்க வேண்டும்.

அறையில் ஈ பறக்கிறதே என்று கொசுவர்த்தியோ மின்சாரக் கொசுவிரட்டியோ ஏற்றிவிடாதீர்கள். அதிலுள்ள மருந்து கும்பிடுபூச்சியையும் கொல்லும். ஈயைக் கையால் பிடியுங்கள், அல்லது பசைத் தாள் தொங்கவிடுங்கள்.

வேலை முடிந்த மணலை 48 மணி நேரம் உறையவைத்துக் கொட்டுங்கள். டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் போதும். ஈக்களை மாதிரியாக வைக்கப் போவதில்லை என்றால், பூச்சி பிடித்த அதே இடத்தில் விடலாம். அவை அந்த இடத்துக்கு உரியவைதான். வேறு ஊரில் விடக்கூடாது.

10. முட்டைக்கூட்டில் ஓட்டை இருந்தால்

செடியிலிருந்து எடுத்து வந்த முட்டைக்கூட்டின் பக்கங்களில் குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டைகள் பல இருந்தால் அது ஈயின் வேலை அல்ல. பொடாக்ரியன் என்ற சிறு குளவி உள்ளேயிருந்த முட்டைகளைத் தின்று வெளியேறிய வழி அது. கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் கூட்டின் நடுவரி வழியாகவே வரும், பக்கத்தில் ஓட்டை போடாது. ஓட்டை இருப்பதால் கூட்டைத் தூக்கிப் போட வேண்டாம். குளவிக்கு எட்டாத ஆழத்தில் இருந்த முட்டைகள் தப்பியிருக்கலாம். ஆர்கன்சா மூடிய டப்பாவில் தொங்கவிட்டு, குஞ்சும் குளவியும் தனித்தனியே எத்தனை வருகின்றன என்று எண்ணுங்கள்.